61.8க்கு எத்தனை சொட்டுத் தண்ணீர்?

விஸ்கிக்கு எழுதப்படும் சுவைக் குறிப்புகளில் பத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆறில் கிறிஸ்துமஸ் கேக் வரும். மூன்றிலாவது ஹெதர் பூ வரும். மார்சிபான், பழைய தோல் நாற்காலி, மழை நனைத்த கம்பளி என்று பட்டியல் போகும். எழுதுகிறவர் எடின்பரோக்காரராக இருந்தால் சரி, அது அவர் வீட்டு மணம். ஆனால் இப்போது நம்ம பையன்களும் அதையே எழுதுகிறார்கள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஹெதர் என்கிறான். அந்தப் பூவை அவன் வாழ்நாளில் மோந்ததில்லை. மோந்த ஒருவர் எழுதியதை வாசித்திருக்கிறான், அவ்வளவுதான். இலக்கியத்தில் இப்படிச் செய்தால் தழுவல் என்று சொல்லிக் கிழித்துவிடுவோம். குடியில் மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்?

நான் இங்கே எழுதப்போவது அம்ருத் காஸ்க் ஸ்ட்ரென்த் என்ற சிங்கிள் மால்ட்டைப் பற்றி. லேபிளில் 61.8 சதவீதம் ஆல்கஹால். பெங்களூர் மைசூர் ரோட்டில் கம்பிபுரா என்ற இடத்தில் காய்ச்சியது. அங்கிருந்து சிங்கப்பூர் போய், என் சித்தப்பா மகனின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே படுத்து, எங்கள் ஊரை ஒட்டிய மதுரை ஏர்போர்ட்டில் வந்து இறங்கியது. நேராக வந்தால் 430 கிலோமீட்டர் சொச்சம். அவனே கொண்டுவந்த இன்னொரு புட்டி அபெர்லவர் அபூனா. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட்டில் ஷெர்ரி பீப்பாயில் ஊறிய, அதே மாதிரி தண்ணீர் சேர்க்காத சரக்கு. ஒப்பிட ஒன்று வேண்டுமே என்று நானே சொல்லிவிட்டிருந்தேன்.

மதுரைக்கு வெளிநாட்டுச் சரக்கு புதுசில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்கு வாழ்த்துச் சொல்லும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொன் கலத்தில் ஏந்திப் பெண்கள் கொடுக்க நீ குடித்து மகிழ்ந்திரு என்கிறார். குளிர்ச்சியும் மணமும் அதில் குறிப்பாகச் சொல்லப்படுகின்றன. இன்னொன்றும் உண்டு. 392ஆம் பாட்டில் ஔவையார் நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுவதோடு ஒப்பிடுகிறார். நான் படித்த காஸ்க் ஸ்ட்ரென்த் குறிப்புகளில் இதற்கு ஈடாக ஒரு வரி கிடையாது. முதல் வாய் 61.8ஐ நேராக உள்ளே விட்டுப் பாருங்கள். நாக்கின் நுனியில் ஒரு புள்ளியில் சுரீர் என்று ஏறி, ஒரு நொடி கழித்து அந்த இடத்திலிருந்து கிளைவிட்டுப் பரவும். கொட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், வலி இப்படித்தான் நடக்கும். நாக்கில் பட்ட ஒன்றைத் தன் ஊர்க் காட்டில் கண்ட ஒன்றால் சொல்வதுதான் சுவைக் குறிப்பு. நம்மிடம் அது இருந்திருக்கிறது. நடுவில் எங்கேயோ விட்டுவிட்டோம்.

சரக்குக்கு வருவோம். சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை, செம்புப் பானையில் காய்ச்சி வடித்தது. ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடக்க வேண்டும். நம்ம ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்புப் பாகுக் கழிவான மொலாசஸில் காய்ச்சிய சுத்த ஸ்பிரிட். அதில் நிறமும் எசன்ஸும், சிலவற்றில் கொஞ்சம் மால்ட்டும் சேர்ப்பார்கள். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. 1948ல் ஜே. என். ராதாகிருஷ்ண ஜக்தாளே தொடங்கிய அம்ருத்தும் பல காலம் அந்த வழியில் ரம்மும் விஸ்கியும் செய்த கம்பெனிதான். அவருடைய மகன் நீலகண்ட ஜக்தாளே காலத்தில்தான் பார்லியைத் தனியாக மால்ட்டாகவே புட்டியில் அடைக்கலாம் என்ற துணிச்சல் வந்தது. 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் ஓர் இந்திய உணவகத்தில் வெளியிட்டார்கள். திருநெல்வேலிக்கே போய் அல்வா விற்பது போலத்தான். முதல் சில வருடங்கள் யாரும் சீந்தவில்லை. 2010ஆம் ஆண்டுக்கான தன் விஸ்கி பைபிளில் ஜிம் மர்ரே, அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மதிப்பெண் போட்டு உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதிய பிறகுதான் கதை மாறியது.

அந்த மர்ரேயின் மொழி மேல் 2020ல் ஒரு பிரச்சினை வந்தது. பெக்கி பாஸ்கின் என்ற பத்திரிகையாளர், அவர் புத்தகத்தில் விஸ்கியைப் பெண்ணுடலாக்கி எழுதிய வரிகளை எடுத்து வைத்துக் கேள்வி கேட்டார். பெரிய கடை ஒன்று அந்தப் புத்தகத்தை விற்பதையே நிறுத்தியது. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாக்கின் அனுபவத்துக்குச் சொல் தேடி அலுத்தவன் ஒன்று கேக்குக்குப் போகிறான், இல்லையென்றால் பெண்ணுக்குப் போகிறான். இரண்டும் சோம்பேறித்தனம்.

இப்போது அந்த எண். 61.8 எங்கிருந்து வருகிறது? டாஸ்மாக் புட்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு 42.8 சதவீதம் பழக்கம். பக்கத்தில் 25 யு.பி. என்றோ 75 ப்ரூஃப் என்றோ போட்டிருக்கும். வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு இது. வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றிக் கொளுத்தினால் பற்ற வேண்டும், பற்றினால் சரக்கு சுத்தம் என்று கதை சொல்வார்கள். அந்த அளவு ஏறத்தாழ 57.15 சதவீதம், அதுதான் 100 ப்ரூஃப். அதில் முக்கால் பங்கு, 75 ப்ரூஃப், 42.8. இப்போது 61.8ஐ அந்தத் தராசில் வைத்தால் 108. வெடிமருந்து தாராளமாகப் பற்றும். 700 மில்லி புட்டியில் இருக்கும் சாராயத்தை 42.8க்கு நீர்க்க வைத்தால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வரும். இதை என் சித்தப்பா மகனிடம் சொன்னபோது அவன், “அப்ப ரெண்டு வாட்டரு இல்ல அண்ணே, ஒரு குடம் ஊத்தலாம்” என்றான்.

காஸ்க் ஸ்ட்ரென்த் என்றால் பீப்பாயில் இருந்தது எப்படியோ அப்படியே புட்டிக்கு வந்தது என்பது நம்பிக்கை. ஸ்காட்லாந்தில் பொதுவாக 63.5 சதவீதத்தில் பீப்பாயை நிரப்புவார்கள். ஈரக்காற்று, குளிர். வருடம் இரண்டு சதவீதம் அளவுக்கு ஆவியாகும், அதில் தண்ணீரைவிட ஆல்கஹாலே அதிகம் போகும், ஆகவே வீரியம் மெல்ல இறங்கும். தேவதைகளின் பங்கு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் தேவதைகளுக்குப் பசி அதிகம். வருடத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம். கணக்குப் போட்டால், ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு வருடம் கிடந்த பீப்பாய் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். பெங்களூரில் ஐந்தே வருடத்தில் பாதிக்கு அருகில் காலி. ஆனால் வறண்ட சூட்டில் தண்ணீரும் வேகமாகப் போவதால் வீரியம் பெரிதாக இறங்காது. அம்ருத் தன் எட்டு வருடச் சரக்குக்கு ‘பேராசைக்காரத் தேவதைகள்’ என்று பெயர் வைத்து 2013ல் விட்டதில் ஒரு கசந்த நகைச்சுவை இருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு புகார். அபூனா ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் போடுகிறது, தொகுதிக்குத் தொகுதி சதவீதம் மாறுகிறது. ஒரு முறை அறுபதுக்குக் கீழே, ஒரு முறை மேலே. பீப்பாய்க்குப் பீப்பாய் வேறு, அதனால் மாறத்தான் வேண்டும். நான் பார்த்த அம்ருத் புட்டிகளிலோ வருடக்கணக்காக அதே 61.8. கலந்தும், கொஞ்சம் நீர் விட்டும் ஓர் எண்ணில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். க்ளென்ஃபார்க்ளஸ் 105 என்ற பழைய ஸ்காட்சும் எப்போதும் 60ல்தான் வருகிறது, ஆக இது பாவம் ஒன்றுமில்லை. ஆனால் “அப்படியே பீப்பாயிலிருந்து” என்ற பரவசத்தை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மணத்துக்கு வருகிறேன். இதில்தான் மதுரைக்காரனுக்கு ஒரு வசதி இருக்கிறது.

அமெரிக்க ஓக்கில் ஊறிய எந்த விஸ்கியிலும் முதலில் பிடிபடுவது வெனிலா. மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் ஆகிறது. எங்கள் தெருவில் யாரும் வெனிலாக் காயைப் பார்த்ததில்லை, ஐஸ்கிரீமில் செயற்கையாகத்தான் தெரியும். ஆனால் நன்னாரி தெரியும். ஜிகர்தண்டாவில் ஊற்றும் நன்னாரிப் பாகின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் வெனிலினின் உடன்பிறப்பு. அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. அதனால் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் என் மாமா, குடியில் இலக்கியம் பார்க்காதவர், “என்ன மாப்ள நன்னாரி சர்பத் வாசம் அடிக்குது, ஏமாத்திட்டானா?” என்று கேட்டது மிகச் சரியான சுவைக் குறிப்பு. வெனிலா என்று எழுதிய எல்லோரையும்விட அவர் துல்லியம். ஏனென்றால் நன்னாரியில் இனிப்புக்கு அடியில் ஒரு மண் வாடையும் வேர்க் கசப்பும் உண்டு, அம்ருத்திலும் உண்டு.

அடுத்தது கொப்பரை. ஓக்கிலிருந்து வரும் லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் மணம். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை வெப்ப நாட்டு விடுமுறை போல எழுதுவார்கள். எனக்கு அது வெயிலில் காய்ந்து எண்ணெய் விட ஆரம்பித்த கொப்பரை, செக்கடி. மூன்றாவது கிராம்பு, யூஜினால், அதுவும் மரத்தில் இருப்பதே. பல் வலிக்குப் பஞ்சில் தொட்டு வைத்த கிராம்புத் தைலம் யாருக்கு மறக்கும். பார்லி பக்கத்திலிருந்து வருவது வேறு. மாவு மில்லில் கம்பு அரைக்கும்போது எழும் சூடான தூசி மணம், பனங்கற்கண்டு, காய்ந்த நாரத்தைத் தோல். இதையெல்லாம் நான் கவித்துவத்துக்காகச் சொல்லவில்லை. 1979ல் ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட்ஸ் ஆய்வகம் விஸ்கிச் சுவைகளைச் சக்கரமாக வரைந்தபோதும் செய்தது இதுதான், எந்த மணத்துக்கு எந்தப் பொருள் என்று தொழிலாளர்களுக்குப் பொதுச் சொல் உண்டாக்கினார்கள். அவர்கள் சமையலறையை வைத்து அவர்கள் வரைந்தார்கள்.

ஆனால் 61.8ல் இவை எல்லாம் சட்டென்று கிடைப்பதில்லை. முதல் ஐந்து நிமிடம் ஸ்பிரிட் மூக்கை அடைக்கிறது. அதிலும் நம்ம ஊர் வெப்பம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அறை வெப்பநிலையில் குடிக்கச் சொல்லி எழுதியவர்களின் அறை 18 டிகிரி. சித்திரையில் என் அறை நள்ளிரவில் 32. அந்தச் சூட்டில் கோப்பையிலிருந்து எழுவது சாராய ஆவி மட்டும்தான். ஐஸ் போட்டால் மணம் செத்துவிடும். நான் செய்தது: கோப்பையை மண்பானை மூடியின் மேல் ஈரத்துணி விரித்துப் பத்து நிமிடம் வைத்தேன். மார்கழி இரவென்றால் இது தேவையில்லை.

தண்ணீர் விடுவதைப் பற்றி நம்மிடம் இரண்டு கட்சி. ராவாக அடிப்பவன் வீரன் என்பது ஒன்று. டம்ளர் நிறைய ஊற்றிச் சோடாவும் விட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்குவது இன்னொன்று. இரண்டுமே சுவையிலிருந்து தப்பிக்கும் வழிகள். 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் கணினி மாதிரியில் ஒன்றைக் காட்டினார்கள். விஸ்கிக்குப் புகை மணம் தருகிற குவையகோல் என்ற மூலக்கூறு, 45 சதவீதம் வரை உள்ள கலவையில் மேற்பரப்பில், காற்றை ஒட்டி நிற்கிறது. 59க்கு மேல் போனால் ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளே முங்கிவிடுகிறது. ஆக 61.8ஐ ராவாக மோப்பவன், உள்ளே ஒளிந்திருப்பதை வெளியே தேடுகிறான். வீரத்துக்கும் மணத்துக்கும் சம்பந்தமில்லை.

மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்கினேன். (“என்னண்ணே, குழந்தைக்கா?” “ஆமா.”) 30 மில்லி சரக்குக்கு 7 மில்லி தண்ணீர் விட்டால் 50 சதவீதம். 10 விட்டால் 46. 13 விட்டால் நம்ம டாஸ்மாக் அளவு. மூன்று கோப்பை தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். 50ல் அம்ருத் திறக்கிறது: நன்னாரி முன்னே வருகிறது, நாக்கில் வெல்லப்பாகும் சுக்கும் ஒன்றாக உட்காருகின்றன, நடுவில் ஒரு கெட்டியான எண்ணெய்ப் பசை. 46ல் நாரத்தைத் தோல் கூடுகிறது, ஆனால் உடம்பு இளைக்கிறது. 46க்குக் கீழே லேசாகப் புகைபோல் கலங்குவதைப் பார்க்கலாம். குளிர வைத்து வடிகட்டாத சரக்கில் கொழுப்பமிலங்கள் இப்படிப் பிரியும், அது நல்ல அறிகுறி. 42.8ல் ஆச்சரியம். இனிப்பு போய் மரம் மட்டும் மிஞ்சுகிறது. தச்சுப் பட்டறையில் புதுப் பலகை இழைக்கும் வாசனை, பின்னால் அதிமதுரக் கசப்பு. அம்ருத்தின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. சூட்டில் நாலைந்து வருடத்தில் மரம் வேகமாக இறங்கிவிட்டது, ஆனால் சாராயம் அதே வேகத்தில் மூப்படையவில்லை. அமிலமும் ஆல்கஹாலும் பொறுமையாகக் கூடிப் பழ மணம் ஆவதற்குக் காலம்தான் வேண்டும், வெயில் அதற்குப் பதிலாகாது. வெப்பத்தில் சீக்கிரம் முதிர்கிறது என்ற விளம்பர வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். பீப்பாய் முதிர்கிறது, சரக்கு ஓடி ஓடி அதன் பின்னால் வருகிறது.

அபூனா இதற்கு நேர் எதிர். ஷெர்ரிப் பீப்பாயின் உலர்திராட்சையும் பேரீச்சையும் ஆரம்பத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எங்கள் பக்கம் பாதிரியார் வீட்டுத் திராட்சை ரசத்தை ருசித்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குலையவில்லை, 42லும் வட்டமாக இருக்கிறது. ஆனால் பார்லி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஷெர்ரி எல்லாவற்றையும் மெழுகிவிடுகிறது. அம்ருத்தில் தானியம் கடைசி வரை தெரிகிறது; ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்து ஆறு வரிசைப் பார்லியின் முரட்டுத்தனம் அது. இரண்டில் திறமையானது அபூனா. நான் மறுபடி மறுபடி மோந்து பார்த்தது அம்ருத்.

இதையெல்லாம் அவனியாபுரத்திலிருந்து எழுதுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. புட்டியின் விலை ஒரு கொத்தனாரின் ஒரு வாரக் கூலியைத் தொடும். குடி இந்தத் தெருவில் என்ன செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சம்பள நாளில் தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மதுவிலக்கு கேட்டு 2015ல் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இந்த நிலத்தில் நன்னாரி மணம், கொப்பரை மணம் என்று எழுதுகிறவன் கிறுக்கனா என்று கேட்கலாம். என் பெரியம்மா கேட்டார்: “நாறத்தானே செய்யுது, அதுல என்னடா வாசம்?”

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். சுவையைப் பேசினால் குடி பெருகும் என்று நான் நினைக்கவில்லை. 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில். அந்தக் கவுன்டரில் குடிப்பவன் கேட்கிற கேள்வி இரண்டுதான். எவ்வளவு, ஏறுமா. உள்ளே என்ன இருக்கிறது, எதில் காய்ச்சியது, எத்தனை நாள் மரத்தில் இருந்தது, இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அவனிடம் சொல்லே இல்லை. ஓட்டலில் சாம்பார் ஊசிப்போனால் சட்டையைப் பிடிக்கிற அதே மதுரைக்காரன், புட்டியில் எது வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குகிறான். மோந்து பார்க்கத் தெரிந்தவன் மட்டமான சரக்கைத் திருப்பிக் கொடுப்பான், மெதுவாகக் குடிப்பான், சில நாள் வேண்டாம் என்பான். எல்லோரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. மெத்தனாலை மோந்து கண்டுபிடிக்கவும் முடியாது, அதை யாரும் முயல வேண்டாம். ஆனால் வெட்கத்துக்கும் வீறாப்புக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பேச்சு நமக்கு இல்லாததால் லாபம் யாருக்கு என்று யோசித்தால் குடும்பங்களுக்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

புட்டியின் கணக்கை முடிக்கிறேன். மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கில்லை. 97க்கும் 94க்கும் நடுவே இருக்கிற மூன்றை எந்த நாக்கும் அளக்காது. அம்ருத் காஸ்க் ஸ்ட்ரென்த் 50 சதவீதத்தில், 30 மில்லிக்கு 7 மில்லி தண்ணீரில், நல்ல சரக்கு. 61.8ல் அது எண், 43ல் அது பலகை. வாங்குவதாக இருந்தால் ராவாகக் குடித்துக் காட்டுபவர்களோடு பகிர வேண்டாம். என்னிடம் இன்னும் அரைப் புட்டி இருக்கிறது. தை முதல் நாள் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு, அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அதற்கு முன்னால் மார்கழிக் குளிரில் மாமாவோடு இன்னொரு முறை மோந்து பார்க்க வேண்டும். போன தடவை கோப்பையை வைக்கும்போது, கடைசியாக ஏதோ ஒரு வாசம் வருகிறது, பேர் நாக்கு நுனியில் நிற்கிறது என்றார்.

“பழைய வெங்கலப் பானையாட்டம் இருக்கு மாப்ள. இரு, சொல்றேன்.”

இன்னும் சொல்லவில்லை.